முகாமில் பிறந்தவர்களுக்கு ஓர் இணைய இணைப்பு

இலங்கையின் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களைச் சில நாட்கள் தங்கவைத்து, தொற்றுநோய் எதுவும் இல்லையென்று நிச்சயித்த பிறகே கடலைக் கடக்க அனுமதிப்பதற்காக, வெள்ளைக்காரர் ஆட்சியில் மண்டபத்தில் ஏற்பட்ட முகாம், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதே கடலை எதிர்த்திசையில் கடந்து ஓடிவந்த தமிழர்களுக்குப் புகலிடமாயிற்று. அன்று தாயின் இடுப்பில் வந்திறங்கிய குழந்தைக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்தக் குழந்தை பெற்ற குழந்தைகளோ இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் பிறந்ததும், அரிச்சுவடி படித்ததும், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும் தமிழ்நாட்டில்தான். ஆயினும் அவர்கள் இந்நாட்டின் பிரஜைகள் அல்லர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாமையாலும், அகதிக்கென்று தனிச் சட்டம் ஒன்று இங்கே இல்லாமையாலும், அகதி என்ற பெயருக்கு உலகம் அளிக்கும் அந்தஸ்தும் அவர்களுக்குச் சட்டப்படி வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், ‘வெளிப்பதிவு’ என்ற பெயரில் முகாம்களுக்கு வெளியே சுமார் 34,000 பேரும் வாழ்வதாக 2021இல் கணக்குச் சொல்லப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாநில அரசு சட்டமன்றத்தில் ஏறத்தாழ 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, பத்துக்குப் பத்து அறைகளுக்குப் பதிலாக 7,469 வீடுகள் கட்டித் தர முன்வந்ததும், ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரையே ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதும் மனம் திறந்து பாராட்டத்தக்க காரியங்கள். மறுவாழ்வு என்ற அந்தச் சொல்லை நம்பித்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். வீடும் குடிநீரும் மின்சாரமும் எந்த நியாயத்தால் முகாமின் வாசலுக்கு வந்தனவோ, அதே நியாயத்தால் இணையமும், அதைக் கொண்டு பிழைக்கும் வித்தையும் அங்கே வந்தாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது சலுகைப் பேச்சு என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆனால் நம் நீதிமன்றங்கள் சொன்னவற்றைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில், காஷ்மீரத்தில் இணையம் நிறுத்தப்பட்ட வழக்கில், இணையத்தின் வழியாகக் கருத்தைச் சொல்லும் சுதந்திரத்துக்கு அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு காப்பளிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. அப்பிரிவோ பிரஜைகளுக்கு மட்டும் உரியது. அதற்குச் சில மாதங்கள் முந்தி, 2019 செப்டம்பரில், மாலை வேளைகளில் கைப்பேசியை ஒப்படைக்க மறுத்ததற்காகக் கல்லூரி விடுதியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் அங்கம் என்றும், 21ஆவது பிரிவைச் சார்ந்தது என்றும் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த இரண்டாவது வழியே முகாம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வழி. 21ஆவது பிரிவு பிரஜையைப் பற்றிப் பேசவில்லை, மனிதரைப் பற்றிப் பேசுகிறது. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளின் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

இந்த உரிமையின் அவசியத்தை 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலம் காட்டிற்று. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டபோது, வீட்டுக்கு இருந்த ஒரே கைப்பேசி பெயிண்ட் வேலைக்குச் சென்ற தகப்பனாரின் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டால், பாடம் அவர் திரும்பிவரும் மாலை வரையில் காத்திருக்கத்தான் வேண்டும். பெயிண்ட் வேலை என்று நான் சொல்வது உதாரணத்துக்காக அன்று. முகாம் ஆண்களில் பலருக்கு அதுவே ஜீவனம். முகாம்களில், பொறியியல் பட்டம் பெற்றபின் தூரிகையைப் பிடித்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கல்வியில் குறைவில்லை. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ‘ஓஃபர்’ போன்ற அமைப்புகள், கல்வி ஒன்றையே கைம்முதலாகக் கொண்டு பிள்ளைகளைக் கல்லூரி வரையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. அதற்கப்பால் சர்க்கார் உத்தியோகம் கிட்டாது. தனியார் நிறுவனத்திலோ நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு பாஸ்போர்ட் எங்கே என்ற கேள்வி வந்து நிற்கும்.

முகாம் வாழ்க்கையை அறியாதவர்களுக்கு இன்னொரு சிரமத்தையும் சொல்ல வேண்டும். மாதந்தோறும் அதிகாரிகள் வந்து ஆளைப் பார்த்துப் பதிவைச் சரிபார்க்கும் நாளை அங்கே ‘செக்கிங்’ என்கிறார்கள். அன்று ஊரில் இல்லாவிட்டால் உதவித்தொகைக்கும், சில சமயம் பதிவுக்குமே ஆபத்து என்பதால், சென்னையிலோ கோவையிலோ வேலைக்குச் சேர்ந்த இளைஞன் மாதம் ஒரு முறை விடுப்புக் கேட்டு, அதற்குக் காரணமாகத் தன் பிறப்பையே விளக்க வேண்டியிருக்கிறது. ஆகையால், கம்பி வழியே முகாமுக்கே வந்து சேரும் வேலை, கணக்கு எழுதுவதோ, தமிழ்த் தட்டச்சோ, காணொளி தொகுப்பதோ, மென்பொருள் எழுதுவதோ, மற்ற எவரையும்விட இவர்களுக்கே அதிகம் பயன்படும். அதைக் காரணம் காட்டி இவர்களை முகாமுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது; பிரஜாவுரிமைக் கேள்விக்கு மத்திய அரசு பதில் சொல்லியே தீர வேண்டும். அந்தப் பதில் வரும்வரையில் ஒரு தலைமுறையின் இளமை காத்திருக்காது.

அகதிகளுக்கு இணையத்தை மறுத்த இடமும் உண்டு, கொடுத்த இடமும் உண்டு. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், ரோஹிங்கியா அகதிகளின் முகாம்களில் 2019 செப்டம்பர் முதல் ஏறக்குறைய ஓராண்டு காலம் கைப்பேசி இணையம் முடக்கப்பட்டிருந்தது. கென்யாவின் டடாப் முகாமிலோ 2013 முதலே ஐ.நா. அகதிகள் ஆணையமும் வோடஃபோன் அறக்கட்டளையும் சேர்ந்து, மின்சாரம் நம்பமுடியாத இடத்திலும் இணைய வகுப்பறைகளை நடத்திக் காட்டின. மின்சாரத்துக்குக் குறைவில்லாத தமிழ்நாட்டில் இது முடியாதென்று சொல்ல நியாயம் ஏது?

ஒவ்வொரு முகாமிலும், முகாமுக்கு உள்ளேயே, இரவு ஒன்பது மணி வரையில் திறந்திருக்கும் ஓர் இணையக் கூடம் வேண்டும். உள்ளேயே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பெண்பிள்ளைகள். இருட்டிய பிறகு கடைத்தெருவிலுள்ள கணினி மையத்துக்கு அவர்களை அனுப்பப் பெற்றோர் சம்மதிக்கமாட்டார்கள். கற்பிப்பவர் அந்த முகாமிலேயே படித்த ஒருவராக, சம்பளம் பெறுபவராக இருக்க வேண்டும். ‘நான் முதல்வன்’ போன்ற திறன் பயிற்சிகளை, கல்லூரிப் படிப்பு முடிந்து தினக்கூலியாகிவிட்டவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கைகழுவாமல், பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவது போன்ற தன் சொந்த வேலையில் ஒரு பகுதியை மாநில அரசே இந்தக் கூடங்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்து, இவர்களுடைய முதல் எஜமானனாக வேண்டும். அரசே நம்பி வேலை கொடுத்த ஒருவரைத் தனியார் நிறுவனம் சந்தேகிப்பது அவ்வளவு சுலபமாயிராது.

இனிக் கட்டப்போகும் வீடுகளிலேனும், மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும்போதே இணையக் கம்பிக்கும் ஒரு குழாயைச் சேர்த்துப் பதித்துவிட வேண்டும். சுவர் பூசி முடிந்து, அந்த முகாமின் பட்டதாரிகளே வந்து வண்ணம் அடித்துப் போனபிறகு அதை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.