கதவு யார் கையில்?

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில், எண்பது டிகிரி சூட்டில் இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். தண்டனை இல்லை. விருந்து.

கூப்பிட்டவர் என் கல்லூரி நண்பர். பி.காம். முடித்ததும் நான் பத்திரிகை ஆபீஸுக்குப் போனேன். அவர் படிப்படியாக ஏறி, இப்போது கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். பிரிவில் பெரிய தலை. மாமரத்தடியில் மரப்பெட்டி மாதிரி ஒரு ரூம் கட்டியிருக்கிறார். உள்ளே விறகு அடுப்பு. அதன் மேல் கருங்கற்கள். கல் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் உஸ்ஸென்று ஆவி கிளம்பி முகத்தில் அறைகிறது. இதற்குப் பெயர் சானா. வெளியே ஒரு பெரிய தொட்டி நிறைய ஐஸ் மிதக்கும் தண்ணீர். பத்து நிமிஷம் உள்ளே வேக வேண்டும். பிறகு ஓடிவந்து தொட்டியில் இறங்க வேண்டும்.

இறங்கினேன். உயிர் போய் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுகமாகத்தான் இருந்தது.

ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்த காவல்காரர் சிரித்தார். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார். முன்னாடி ஒரு ஃபவுண்டரில கான்ட்ராக்ட்ல இருந்தேன். அங்கயும் இதேதான். ஐஸ் மட்டும் கிடையாது."

வீடு வந்து சேரும் வரை அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

சானா பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால் அது தப்பு. ஃபின்லாந்தில் சுமார் 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சம் சானாக்கள் இருப்பதாகக் கணக்கு. அந்த ஊர்ப் பழக்கத்தை 2020-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாம்பரே என்ற தொழில் நகரத்தில் பிஸ்பலா என்றொரு பகுதி. மில் தொழிலாளிகள் வாழ்ந்த பேட்டை அது. அங்கே 1906-ல் தொடங்கிய ராயாபோர்த்தி என்ற பொதுச் சானா இன்னும் ஓடுகிறது. வேலை முடிந்து அழுக்கும் உடம்பு வலியுமாக வந்தவர்கள் குளித்துவிட்டு வீட்டுக்குப் போன இடம்.

அந்த தாம்பரேவுக்குப் பக்கத்து ஊரின் பெயர் என்ன தெரியுமா? நோக்கியா!

ஆமாம், நம்ம நோக்கியாதான். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கம்பெனி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து 2006-ல் செல்போன் தயாரிக்க ஆரம்பித்தது. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அந்த வளாகத்தைப் பிறகு வாங்கிய சால்காம்ப்பும் ஃபின்லாந்தில் பிறந்த கம்பெனிதான். போன் வந்தது, சார்ஜர் வந்தது. வேலை செய்தவனுக்குக் குளியல் என்ற எண்ணம் மட்டும் இந்தப் பக்கம் கப்பலேறி வரவில்லை. இப்போது வருகிறது, முதலாளிகளின், மேனேஜர்களின் தோட்டத்துக்கு!

சானா இதயத்துக்கு நல்லது என்று நண்பர் ஒரு ஆய்வைக் காட்டினார். உண்மையான ஆய்வுதான். குவோப்பியோ பகுதியில் 2,315 நடுத்தர வயது ஆண்களை இருபது வருஷம் கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள். வாரம் நாலு முதல் ஏழு முறை சானா போனவர்களிடம், ஒரு முறை மட்டும் போனவர்களைவிடத் திடீர் மாரடைப்பு மரணங்கள் குறைவு. சானாதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு விவரம். அவர்கள் உள்ளே இருந்தது சராசரியாக 14 நிமிடம்.

பதினாலு நிமிடம்! பிடிக்கவில்லையென்றால் அதற்கு முன்பேகூட எழுந்து வரலாம். கதவு அவர்கள் கையில்.

உலையில் இரும்பு ஊற்றுகிறவருக்கும், பெயின்ட் காயவைக்கும் அடுப்புப் பக்கம் நிற்கிறவருக்கும், தகரக் கூரை கோடவுனில் பெட்டி தூக்குகிறவருக்கும் ஷிஃப்ட் எட்டு மணி நேரம். கதவு சூப்பர்வைசர் கையில். அதிலும் நம்ம ஊர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? இங்கே அது காயாமல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

"எல்லா இடத்திலும் ஏசி இருக்கே சார்" என்பீர்கள். செல்போன் கோர்க்கிற கூடங்களில் இருக்கிறது. சர்க்யூட்டுக்குத் தூசும் ஈரமும் ஆகாது. சர்க்யூட்டின் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மனுஷன் உடம்பைப் பற்றி மட்டும் தெரியாமல் போய்விடுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தரச் சொன்னது. கை கால் கழுவ வசதி கேட்டது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நலவசதிப் பட்டியலில் 'குளிக்கும் இடம்' என்றே எழுதியிருக்கிறது. லாக்கர் ரூம், நனைந்த துணி காயப்போட இடம், நின்று வேலை செய்பவர்கள் உட்கார வசதி, எல்லாம் அதில் உண்டு. அந்தத் தொகுப்பின் மேல் எனக்கு வேறு நூறு சண்டைகள் இருக்கின்றன. இந்த வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். குளிக்கும் இடம் என்று ஒரு மூலையில் குழாயை நட்டுக் கணக்குக் காட்டிவிட அனுமதிக்கக் கூடாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது. சாகாமல் இருக்க என்ன கிடைக்கும்?

நான் கேட்பது இரண்டே விஷயம். சூடான ஷாப் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குளிர்ந்த ஓய்வறையும், ஷிஃப்ட் முடிந்ததும் குளிக்க ஒழுங்கான ஷவரும். இரண்டாவது, தலை சுற்றுகிறது என்றால் யாரிடமும் கெஞ்சாமல், சம்பளம் பிடிக்காமல் வெளியே வந்து உட்காரும் உரிமை. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமில்லை, கான்ட்ராக்ட் ஆளுக்கும். சூடு அடையாள அட்டையைப் பார்த்து அடிப்பதில்லை.

இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்க வாசல்களில் குளியலறை கட்ட, 1926-லேயே சுரங்க ராயல்டி மேல் தனி வரி போட்டார்கள். கரி அள்ளியவன் கரியோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்று நூறு வருஷம் முன்பே ஒரு நாட்டுக்குத் தோன்றியிருக்கிறது.

கிளம்பும்போது நண்பரிடம் கேட்டேன், "உங்க ஷாப் ஃப்ளோர்ல நாலு ஷவர் போடலாமே?"

"ஆசைதான்ப்பா. ஸ்டாஃப் வெல்ஃபேர்ல பட்ஜெட் இல்ல."

மாமரத்தடிப் பெட்டிக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதினீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சாப்பாடு போட்ட வீட்டில் அதெல்லாம் கேட்கக் கூடாது.

அதனால்தான் இங்கே கேட்கிறேன்.