நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

"புற்றுநோயைத் தேடிச் சென்று தாக்கும் நுண்மருந்து வந்துவிட்டது, இனி அச்சமில்லை" என்று முழங்குகிறார்கள் சிலர். முழங்கட்டும், தோழர்களே! நாம் கணக்குக் கேட்போம்.

டாக்சோரூபிசின் என்று ஒரு மருந்து. செக்கச் சிவந்த நிறம். புற்றணுவைக் கொல்லும், கூடவே நோயாளியின் இதயத்தையும் பதம் பார்க்கும். திருடனை அடிக்கச் சொன்னால் வீட்டுக்காரனையும் சேர்த்து அடிக்கிற காவலாளி! அதற்குக் கடிவாளம் போட்டவர்கள் ஜெருசலேம் நகர விஞ்ஞானிகள் பாரன்ஹோல்ஸும் கபிசோனும். கொழுப்பால் ஆன நுண்குமிழிக்குள் மருந்தை அடைத்தார்கள். குமிழியின் அளவு சுமார் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு! நல்ல இரத்தக் குழாயின் சுவரில் அது எளிதில் நுழையாது. புற்றுக்கட்டியோ அவசரத்தில் கட்டிய வீடு. குழாய்ச் சுவரெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டை வழியே குமிழி உள்ளே கசிகிறது. 1995ல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. இதயத்துக்கு நேரும் கேடு குறைந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலுரியும் தொல்லை கூடியது, அதையும் சொல்லத்தானே வேண்டும்!

பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'தேடிச் சென்று தாக்கும்' என்பது மிகை. பத்தாண்டுக் காலத்து விலங்குச் சோதனைகளைத் தொகுத்து, டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் கணக்கிட்டார்கள். உடலில் செலுத்திய நுண்துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை, நடுமதிப்பாக, நூற்றுக்கு 0.7! மற்றவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வாரிக்கொள்கின்றன. இன்னும் எத்தனை உழைப்பு பாக்கி இருக்கிறது, பாருங்கள்.

அந்த ஒன்றுக்கும் குறைவான பங்காவது ஏழைக்குக் கிடைக்கிறதா? ஏழைக்கென்ன, பணக்கார நாட்டுக்கே கிடைக்கவில்லை! 2011ல் ஒகையோ மாநிலத்து ஆலை ஒன்றில் உற்பத்தி நின்றது. அமெரிக்கா முழுவதற்கும் இந்தக் குமிழி மருந்தை ஆக்கித் தந்தது அந்த ஓர் ஆலைதான். ஊசிக்காகப் பெயர் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள் புற்றுநோயாளிகள். எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற வேதம் அப்போது எங்கே போயிற்று? கடைசியில் 2012 பிப்ரவரியில், இந்தியாவில் சன் பார்மா செய்த 'லிப்போடாக்ஸ்' மருந்தை இறக்குமதி செய்ய அந்த அரசே கதவைத் திறந்தது.

நம் நாட்டுத் தொழிலாளியின் கை செய்த மருந்து அமெரிக்க நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது, நல்லதே, போகட்டும். அதே மருந்து நம் அரசாங்க மருத்துவமனையில் எத்தனை நாள் கையிருப்பு இருக்கிறது? ஓர் ஆலை நின்றால் மாற்று ஆலை எது? பட்ஜெட் விவாதத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் இவை.