கத்தி போயிற்று, பயம் போகவில்லை

1976 ஏப்ரல். டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடிக்க புல்டோசர்கள் வந்தன. எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. கொஞ்ச தூரத்தில், துஜானா ஹவுஸில், குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். வீடு போகும் பயமும் ஆபரேஷன் பயமும் ஒன்றாகக் கலந்தன.

நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-77ல் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. முக்கால்வாசிப் பேர் ஆண்கள். 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் ஆண்களிடம் இந்தப் பேச்சை எடுக்கவே அரசியல்வாதிகள் தயங்கினார்கள். பாரம் பெண்கள் தலையில் இறங்கியது.

ஆனால் ஆராய்ச்சி நிற்கவில்லை. சீன டாக்டர் லீ ஷுன்சியாங் 1974ல் உருவாக்கிய கத்தியில்லா வாசக்டமி தொண்ணூறுகளில் இந்தியாவுக்கு வந்தது. மரத்துப்போக ஊசி, தோலில் சின்னத் துளை, அதன் வழியாக விந்துக் குழாயை வெளியே எடுத்துத் துண்டித்துக் கட்டுகிறார்கள். தையல் கிடையாது. அன்றே வீடு திரும்பலாம். ஆண்மைக்குப் பாதிப்பில்லை. ஒரே நிபந்தனை: சுமார் மூன்று மாதம் கழித்து, விந்தணு இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறு தடுப்புமுறை வேண்டும்.

டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த சுஜய் குஹா இன்னும் ஒரு படி மேலே போனார். குடிநீர்க் குழாயின் உட்புறத்தில் பாலிமர் பூசிக் கிருமியைக் கொல்ல முடியுமா என்று ஆராய்ந்தவர் அவர். அதையே விந்துக் குழாயில் செய்தால் என்ன என்று யோசித்தார். 'ரிசக்' பிறந்தது. குழாயை வெட்ட வேண்டாம். மருந்தை ஊசியில் செலுத்தினால் உட்சுவரில் படிந்து, கடந்து போகும் விந்தணுவைச் செயலிழக்க வைக்கும். முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது 1979ல். நச்சுத்தன்மை பற்றிய கேள்விகளால் 2002ல் தடைபட்ட பரிசோதனை மீண்டும் தொடர்ந்தது. டெல்லி உட்பட ஐந்து ஊர்களில் 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டத்தின் முடிவு 2023ல் வெளியானது: 99 சதவீத வெற்றி, கடுமையான பக்கவிளைவு இல்லை. வேண்டும்போது மருந்தைக் கரைத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பது விலங்குகளில் நிரூபணமாகியிருக்கிறது. மனிதர்களில் இனிமேல்தான்.

சரி, ஆண்கள் வருகிறார்களா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் கதை இது: தம்பதிகளில், கருத்தடை ஆபரேஷனை மனைவி செய்துகொண்டது கிட்டத்தட்ட 38 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். இத்தனைக்கும் பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும்; அபாயமும் அதிகம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாம் ஒன்றில் கருத்தடை செய்துகொண்ட பெண்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

துர்க்மான் கேட்டின் பயம் நியாயமானது. அன்று யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். 1976ல் பிறந்தே இராத கணவன், "எனக்கு வேண்டாம், அவளுக்கே செய்துவிடுங்கள்" என்கிறான். அவளுடைய சம்மதத்தை யார் கேட்டது?