கழுதை பேசலாம்; கழுதையாகப் பேசட்டும்

கிறிஸ்து பிறந்த கதை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். டிசம்பர் மாதம் பிறந்தால் கோயில்களிலும் வீடுகளிலும் வைக்கோல் குடில்கள் எழும். குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், ஞானிகள் ஆகியோருடன் ஒரு மாடும், சில ஆடுகளும், ஒரு கழுதையும் அங்கே நின்றிருக்கும். அந்தக் கதையையே கழுதையின் பக்கமிருந்து சொல்லும் கார்ட்டூன் படம் ஒன்று 2017 நவம்பரில் அமெரிக்காவில் வெளியாயிற்று. 'தி ஸ்டார்' என்பது அதன் பெயர். விண்மீன் என்று பொருள். இயக்கியவர் திமோத்தி ரெக்கார்ட்.

அறிவியல் இதழில் இப்படத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் விண்மீனைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அது வால்மீனா, வியாழனும் சனியும் அருகருகே வந்த தோற்றமா என்று கெப்ளர் காலம் முதல் ஆராய்ச்சி நடந்து வருகிறது. அதை வேறொரு மாதத்திற்கு வைத்துக்கொள்வோம். விண்மீனுக்கு வழக்குரைக்க ஆள் பலர் உண்டு, கழுதைக்குத்தான் இல்லை.

கதை இதுதான். நாசரேத்து ஊரில் மாவரைக்கும் திரிகையைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு சிறிய கழுதை, பெயர் போ. அரசர்களின் பயணக் கூட்டத்தில் சேர்ந்து ஊர் மெச்ச நடந்து போக வேண்டும் என்பது அதன் ஆசை. டேவ் என்னும் புறா அதன் தோழன். திரிகையிலிருந்து தப்பியோடும் போவுக்கு மரியாள் அடைக்கலம் தருகிறாள். பின்னர், ஏரோது மன்னன் அனுப்பிய வேட்டைக்காரனும் அவனுடைய இரண்டு நாய்களும் மரியாளைத் தேடி வருவதை அறிந்து, புறாவோடும் ரூத் என்னும் ஆட்டோடும் போ அவளைத் தொடர்ந்து செல்கிறது. விலங்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். மனிதர்களுக்கு அது புரியாது; அவர்கள் காதில் விழுவது வெறும் கத்தல்தான்.

"கழுதை பேசுமா? இதையெல்லாம் பார்த்தால் அறிவியல் உணர்வு மழுங்கிவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். பஞ்சதந்திரக் கதையில் நரி பேசியதைக் கேட்டு வளர்ந்த எந்தக் குழந்தையும் தெருவில் போகும் நாயிடம் மணி கேட்டதில்லை. கதையின் பேச்சு எது, உண்மைப் பேச்சு எது என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கே தெரியும்.

ஆனாலும் கேள்வியை ஒரு நிமிடம் அறிவியலாகவே எடுத்துக்கொள்வோம். கழுதை ஏன் பேசுவதில்லை? குறை தொண்டையில் மட்டும் இல்லை. குரங்குகளின் குரல் உறுப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றால் பேச்சொலிகள் பலவற்றை உண்டாக்க முடியும் என்றும், அவற்றை வேண்டியபடி இயக்கும் மூளை அமைப்புத்தான் இல்லை என்றும் 2016-இல் காட்டினார்கள். கேட்ட ஒலியைக் கற்றுத் தானும் அதுபோல் ஒலிக்கும் ஆற்றல் மிகச் சில உயிரினங்களுக்கே உண்டு. மனிதன், திமிங்கிலம், சீல், யானை, சில வௌவால்கள். பறவைகளில் கிளிகள், தேன்சிட்டைப் போலச் சிறிய அமெரிக்க முரல்சிட்டுகள், பாடும் பறவைகள். தென்கொரியாவில் கோஷிக் என்ற யானை துதிக்கையை வாய்க்குள் விட்டுக்கொண்டு ஐந்து கொரியச் சொற்களை ஒலித்தது 2012-இல் அறிவியல் இதழில் வெளிவந்த செய்தி. நம் படத்தின் நாயகர்களைப் பாருங்கள். கழுதை, ஆடு, புறா, ஒட்டகம்: ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை! பேசத் தகுதியற்றவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது போல் இருக்கிறது.

என் வழக்கு வேறு. இந்தப் படத்தில் கழுதை பேசுகிறது. ஆனால் கழுதை பேச வேண்டிய எதையும் பேசவில்லை. புகழுக்கு ஏங்கும் ஒரு சிறுவனின் ஆசையைக் கழுதைத் தோலுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். போவுக்குப் பதில் ஒரு மட்டக்குதிரையையோ ஆட்டுக்கிடாயையோ வைத்தாலும் வசனத்தில் பெரிய மாற்றம் தேவைப்படாது. இதுதான் எனக்குக் குறையாகத் தோன்றுகிறது.

இத்தனைக்கும், இந்த இடத்தில் கற்பனை செய்யப் படக்காரர்களுக்கு முழு உரிமை இருந்தது. மத்தேயுவும் லூக்காவும் எழுதிய பிறப்புக் கதைகளில் கழுதையே கிடையாது. லூக்கா முன்னணையை, அதாவது கால்நடைகளின் தீவனத் தொட்டியைச் சொல்கிறார், விலங்கைச் சொல்லவில்லை. தொழுவத்து எருதும் கழுதையும் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல்கள் வழியே வந்து சேர்ந்தவை. இத்தாலியில் கிரெச்சோ என்னும் ஊரில் 1223-இல் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள எருதையும் கழுதையையும் நிறுத்தி அந்தக் காட்சியை மக்களுக்குக் காட்டினார். அதிலிருந்து குடில்களில் கழுதைக்கு இடம் உறுதியாயிற்று எனலாம். ஆகவே, கழுதையைப் பற்றி இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மூலக்கதை யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

உண்மைக் கழுதையிடம் கதை இல்லையா? இருக்கிறது, ஏராளமாக.

முதலில் அதன் பிடிவாதத்தை எடுத்துக்கொள்வோம். கழுதையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை. கல்லும் முள்ளுமான வறண்ட நிலத்தில் அது வாழ்கிறது. புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும் இடத்தில் பெருங்கூட்டமாக மேய முடியாது. ஆண் கழுதை தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு தனித்தே திரியும். குதிரையின் முன்னோரோ புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்தவை. ஒன்று மிரண்டால் எல்லாம் ஓடும். கூட்டமில்லாத கழுதைக்கு அது உதவாது. பாறை நிலத்தில் கண்மண் தெரியாமல் ஓடினால் கால்தான் முறியும். எனவே ஐயம் வந்தால் அது நின்றுவிடுகிறது. காதைத் திருப்புகிறது, மோந்து பார்க்கிறது, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே அடி எடுத்து வைக்கிறது. நாம் பின்னாலிருந்து பிரம்பால் அடித்துக்கொண்டே இதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வேட்டைக்காரன் துரத்தும் ஒரு கதையில், எல்லாரும் ஓடும்போது கழுதை மட்டும் நின்று காது கொடுப்பதாகவும், அதனாலேயே மரியாள் தப்புவதாகவும் ஒரு காட்சி வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

அடுத்து, அதன் குரல். குதிரை மூச்சை வெளியே விடும்போது கனைக்கிறது. கழுதையோ மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஒலிக்கிறது, வெளியே விடும்போதும் ஒலிக்கிறது. நாம் கேட்டுச் சிரிக்கும் அந்த இரட்டை ஒலியின் இரகசியம் இதுவே. நெடுந்தொலைவு தள்ளி மேயும் இன்னொரு கழுதைக்கு எட்ட வேண்டிய குரல் அது. பெரிய காதுகளும் அதற்கேற்றவை. தொலைவின் ஒலியைப் பிடிக்கும், உடலின் வெப்பத்தையும் வெளியேற்றும்.

பிறகு தண்ணீர். 1950-களில் உடலியல் அறிஞர் நட் ஷ்மிட்-நீல்சன் சகாராப் பாலைவனத்தில் ஒட்டகத்தையும் கழுதையையும் ஆராய்ந்தார். பாலை வெயிலில் மனிதன் உடல் எடையில் சுமார் 12 விழுக்காடு நீரை இழந்தால் பிழைப்பது அரிது. கழுதை கால் பங்குக்கு மேல் இழந்தும் உயிரோடு இருந்தது. நீர் கிடைத்ததும் சில நிமிடங்களில் குடித்து ஈடுகட்டிக்கொண்டது. ஒட்டகத்தைவிட அதிகமாக வியர்ப்பதால் அதற்கு விரைவில் தாகம் எடுக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. நாசரேத்திலிருந்து பெத்லகேம் நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மலைப்பாதையில் இன்னும் கூடுதல். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவ்வழியே சுமந்து செல்ல உங்களையும் என்னையும் கேட்டால் எந்த விலங்கைச் சொல்வோம்? படத்தின் கழுதை தன்னைச் சாதாரணம் என்று எண்ணி வருந்துகிறது. அந்த வழிக்கு அதைவிடப் பொருத்தமான பிராணி அரிது என்பதை யாரும் அதற்குச் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். திரிகையில் கட்டப்பட்ட கழுதையைத் தொடக்கத்திலேயே காட்டுகிறார்கள் அல்லவா? அது வெறும் கற்பனை அன்று. அக்காலத்தில் பெரிய திரிகைகளைக் கழுதைகளே சுற்றின. எகிப்தில் அபிதோஸ் என்னுமிடத்தில் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச கல்லறையை ஒட்டி முறையாகப் புதைக்கப்பட்ட 10 கழுதைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. சுமை தூக்கித் தூக்கி அவற்றின் எலும்புகள் தேய்ந்திருந்தன. மன்னனுக்குரிய மரியாதையோடு புதைக்கப்பட்ட உழைப்பாளிகள்! அரச ஊர்வலத்தில் சேரத் துடிக்கும் போவிடம் இந்தச் செய்தியை யாராவது சொல்லியிருக்கலாம்.

ரூத் என்னும் ஆட்டைப் பற்றியும் ஒரு சொல். படத்தில் அது மந்தையை விட்டு விண்மீனைப் பின்பற்றி வந்துவிடுகிறது. கொஞ்சம் அசடு போலவும் காட்டப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், படம் வெளிவந்த அதே 2017 நவம்பரில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற எட்டு ஆடுகள், முன்பின் நேரில் பார்த்திராத பராக் ஒபாமா போன்ற பிரபலங்களின் முகங்களைப் புகைப்படத்தில் அடையாளம் கண்டன! ஆடுகள் தம் இனத்தில் ஐம்பது முகங்களை இரண்டாண்டுகள் வரை நினைவில் வைத்திருப்பதும் 2001-லேயே தெரிந்த செய்தி. தனியே அடைக்கப்பட்ட ஆட்டுக்கு இன்னோர் ஆட்டின் முகப் படத்தைக் காட்டினால் அதன் கலக்கம் தணியும் என்பதும் சோதித்தறிந்ததே. அப்படியானால் மந்தையை விட்டுப் பிரிந்த ரூத்தின் மனத்தில் என்னவெல்லாம் ஓடியிருக்கும்? அந்த வசனத்தைத்தான் நான் கேட்க விரும்பினேன்.

"இது சின்னக் குழந்தைகள் சிரித்து மகிழ எடுத்த படம், இதில் விலங்கியல் பாடம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாடம் வேண்டாம், அது படத்தையே கெடுத்துவிடும். கழுதை ஒரு காட்சியில் நின்று கேட்டால் போதும். குழந்தை சிரிக்கவும் செய்யும், மறுநாள் தெருவில் நிற்கும் கழுதையைச் சற்று வேறு கண்ணோடு பார்க்கவும் செய்யும். நம்மிடையே 'கழுதை' என்பது வசவு. கற்பூர வாசனை தெரியாதது என்று பழமொழி வேறு. வாசனை தெரியாத பிராணி மோந்து பார்த்தே பாதை தேர்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நேரம் குறைவாக இருப்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கழுதைகள் இருந்தன. 2019-இல் எஞ்சியவை சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். ஏழே ஆண்டுகளில் 61 விழுக்காடு குறைந்துவிட்டன. சுமை வண்டிகள் வந்து கழுதையின் வேலையை எடுத்துக்கொண்டது முக்கியக் காரணம். உலக அளவில் இன்னொரு காரணமும் உண்டு. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் ஒருவகைப் பசை சீனாவில் மருந்தாக விற்பனையாகிறது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சமாக இருந்த கழுதைகள் பின்னர் 30 லட்சத்துக்கும் கீழே இறங்கின. தோலுக்காக வணிகர்கள் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பினார்கள். தண்ணீர்க் குடம் சுமக்கக் கழுதையை நம்பியிருந்த குடும்பங்களின் கொட்டில்கள் காலியாயின. கடைசியில் 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம், தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதை 15 ஆண்டுகளுக்குத் தடை செய்ய முடிவெடுத்தது. கழுதைகளின் மூதாதையான காட்டுக்கழுதையோ எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பண்ணை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாமே என்றால், அதுவும் எளிதன்று. பெண் கழுதை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சினையாக இருக்கும். ஈனுவது பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. அந்தக் குட்டி வளர்ந்து தானும் ஈன இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆப்பிரிக்க ஒன்றியம் அறிவித்த அந்த 15 ஆண்டுகளில் எத்தனை தலைமுறை வளர முடியும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.