திருமழிசையின் தாளமும் சிவவாக்கியரின் கல்லும்

திருமழிசை ஆழ்வாரை 'நம்மாள்' என்று நாம் உரிமை கொண்டாட வேண்டும் என்கிறார்கள் மாணவத் தோழர்கள் சிலர். அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

பூந்தமல்லியைத் தாண்டி திருவள்ளூர் போகிற வழியில் இருக்கிறது திருமழிசை. அந்த ஊர்க்காரர் பாடியது திருச்சந்த விருத்தம், 120 பாட்டு. பேரிலேயே சந்தம். பொருள் தெரியாதவனும் ஒருதடவை கேட்டால் தொடையில் தாளம் போடுவான். முதல் பாட்டே கணக்குப் பாட்டு: மண்ணுக்கு ஐந்து, நீருக்கு நான்கு, நெருப்புக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு, வானுக்கு ஒன்று. கவுண்டரில் நோட்டு எண்ணிப் பழகிய என் விரல் தானாக மடங்குகிறது. எண்ணி முடித்தால், உன்னை நினைக்க யாரால் முடியும் என்ற கேள்வியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

இதே தாளம் சிவவாக்கியரிடமும் அடிக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்றுகூட ஒரு மரபு உண்டு. அந்த ஆராய்ச்சியில் எனக்கு அக்கறையில்லை. ஒரே தாளம் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் விஷயம்.

குடந்தையில் படுத்திருக்கும் பெருமாளை ஆழ்வார் கேட்கிறார்: நடந்த கால் நொந்ததா, எழுந்து பேசேன். அதட்டல்தான். ஆனால் வாழ்த்தோடு சேர்ந்த அதட்டல். சாமி பேசும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சிவவாக்கியரோ, நட்ட கல் பேசுமா என்கிறார். அதோடு விட்டாரா? ஓசையுள்ள ஒரு கல்லை இரண்டாக உடைக்கிறீர்கள். ஒன்றை வாசலில் பதித்துத் தேயத்தேய மிதிக்கிறீர்கள், இன்னொன்றுக்குப் பூவும் நீரும் சாத்துகிறீர்கள், ஈசனுக்கு உகந்த கல் எது, சொல்லு என்கிறார். இரண்டும் ஒரே கல்லுங்க! சாதி என்ற சொல்லை அந்தப் பாட்டில் எடுக்கவே இல்லை. எடுக்காமலே சேரியும் அக்கிரகாரமும் கண்முன் வந்து நிற்கின்றன. உளி விழுகிற சத்தம் மாதிரி சந்தம் வேறு.

நாலு குலத்தில் எதிலும் பிறக்கவில்லை என்று ஆழ்வாரும் பாடியிருக்கிறாரே என்பீர்கள். பாடினார். முழுப் பாட்டையும் வாசியுங்கள் தோழர்களே. வேதம் கற்கவில்லை, புலன்களை வெல்லவில்லை, உன் அடியைத் தவிர வேறு பற்றில்லை என்று அடுக்கிக்கொண்டு போகிறார். குலமில்லாதது அங்கே தன் குறைகளில் ஒன்று. குலம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் குறையைக்கூட வைதீகத்தால் பொறுக்க முடியவில்லை. பிரம்பறுத்துப் பிழைத்த திருவாளன் எடுத்து வளர்த்த பிள்ளைக்கு, பார்கவ முனிவரை அப்பனாக்கிவிட்டது குருபரம்பரைக் கதை. இன்னொன்றும் சொல்கிறது. பெரும்புலியூரில் இவரைக் கண்டதும் வேதம் ஓதியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு விட்ட இடம் மறந்துபோயிற்று. இவர் ஒரு கறுப்பு நெல்லை நகத்தால் பிளந்து காட்ட, ஞாபகம் வந்ததாம். வாய் திறந்து சொல்லவில்லை பாருங்கள்! இத்தனை சந்தம் தெரிந்தவனுக்கு அங்கே நகம்தான் பேச்சு.

பாட்டு மட்டும் கோயிலுக்குள் போய்விட்டது. ஆள் போவதற்குச் சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிற தோழர்கள் இரண்டு பிரதிகளையும் ஒரே நாளில் வாசிக்கட்டும். பக்கத்தில் ஒரு பறை இருக்கட்டும். முதலில் காது பழகட்டும். தாளம் எங்கே கும்பிடுகிறது, எங்கே உடைக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். உரையாசிரியரை அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம்.