கைக்குழந்தையோடு ஒரு நாள்



சென்ற இதழில் கேழ்வரகுப் பலகாரங்கள் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இப்போது அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போன கதையைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, என் தங்கை, தலைப்பிரசவத்துக்கு லாஸ்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. நாலு மாதம் ஆகிறது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, தாய்தான் வாடிப்போனாள். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். குழந்தை தூங்கினாலும் இவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்ற ஒரே பதில். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார்.

"பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான் இருக்கும்" என்பாள் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. தை பிறந்து வெயிலும் இதமாக இருந்தது. ஒரு புதன்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அம்மா பாடிய பாட்டைக் கேட்கவேண்டுமே! "காத்து படும், கண்ணு படும், அஞ்சு மாசம் ஆகட்டும்டீ" என்று வாசல்வரை வந்தாள். கடைசியில் குழந்தை கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு வைத்துத்தான் விட்டாள்.

எடுத்துப்போன சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். துணி நாப்கின் எட்டு, பழைய வாயில் புடவையில் கிழித்த விரிப்பு இரண்டு, மாற்றுச் சட்டை, குடை, பால் கொடுக்கும்போது போர்த்திக்கொள்ள ஒரு சால்வை. டிபன் காரியரில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பிளாஸ்க்கை மட்டும் மறந்துவிட்டேன். குழந்தைக்கு வெந்நீர் வேண்டாமா என்று அம்மா கேட்டாள். ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும், வெயில் நாளில்கூடத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்க்குத்தான் தாகம் எடுக்கும். அவளுக்கு நிறையத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களை நாம் ஒரே நாளில் பத்து இடத்துக்கு இழுத்தடிப்போமே, அப்படிச் செய்யவில்லை. காலையில் பாரதி பூங்கா, மாலையில் கடற்கரை. அவ்வளவுதான்.

பாரதி பூங்காவில் காலை ஒன்பது மணிக்கு அவ்வளவாகக் கூட்டமில்லை. பெரிய மரங்களின் நிழலில் நல்ல பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தோம். எதிரே வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். நம் புதுவை அரசின் முத்திரையில் இருப்பது இதுதான். ஆயி ஒரு தாசி என்றும், விளக்கேற்றி ஜொலித்த அவள் மாளிகையைக் கோவில் என்று நினைத்து விஜயநகரத்து ராஜா கும்பிட்டுவிட்டார் என்றும் கதை சொல்வார்கள். விஷயம் தெரிந்ததும் ராஜாவுக்குக் கோபம் வந்து, மாளிகையை இடிக்க உத்தரவு போட்டாராம். அவளோ, தன் வீட்டைத் தானே இடித்துவிட்டு அங்கே ஊருக்காக ஒரு குளம் வெட்டினாளாம். பிற்பாடு, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, முத்திரப்பாளையத்திலிருந்து பட்டணத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுப்பிய மண்டபத்துக்கு ஆயியின் பெயர் நிலைத்தது.

இதை நான் சொல்லி முடித்ததும், "வீட்டை இடிக்கும்போது அவ அழுதிருப்பா இல்லக்கா?" என்றாள் தங்கை. பல நாளுக்குப் பிறகு அவளாக வாய் திறந்து கேட்ட கேள்வி அது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

சட்டப்பேரவை பக்கத்தில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். பிரெஞ்சுக்காரர் போனாலும் அந்தத் தொப்பி போகவில்லை, பாருங்கள். குழந்தை அந்தச் சிவப்பையே பார்த்துப் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தது. அடுத்து மணக்குள விநாயகர் கோவில். யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துபோனாளே, அவள் நின்ற இடத்தைப் பார்த்ததும் தங்கைக்குக் கண் கலங்கியது. சின்ன வயசில் அவள் துதிக்கையால் ஆசி வாங்குவதற்காகவே என்னைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

மதியம் முத்தியால்பேட்டையில் என் சின்ன மாமியார் வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டோம். சின்ன மாமியார் குழந்தையை வாங்கித் தூளியில் போட்டார். தாயும் மகளும் இரண்டரை மணி நேரம் தூங்கினார்கள். உள்ளூரில் இப்படி ஒரு வீடு இருந்தால் நடுவில் கட்டாயம் போய் இறங்குங்கள். பார்க்கிற இடத்தையெல்லாம்விட அந்தத் தூக்கம் பெரிது.

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. கைக்குழந்தைக்காரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து மெதுவாக நடந்து, காந்தி சிலையருகே சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னாள்:

"அக்கா, இவ அழுதா எனக்கு ஓடிப்போயிடலாம்போல இருக்கு. எனக்குப் பாசமே இல்லையோன்னு பயமா இருக்கு. நான் நல்ல அம்மா இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு மாதமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இருந்தாள்! அறிவுரை எதுவும் சொல்லவில்லை. குழந்தையை நான் வாங்கிக்கொண்டு, "நீ கடலைப் பாரு" என்றேன்.

மறுநாளே மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம். பிள்ளை பெற்ற முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டாம். இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடுமாம். அதற்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை என்று இருந்தால் அது வைத்தியம் தேவைப்படும் நோய். தாயின் குற்றமே இல்லை என்றார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றனவாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல், அன்றைக்கே கூட்டிவரச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "நீ பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான்டீ இருந்துச்சு, யாருகிட்ட சொல்றது?" என்றாள் என்னிடம்.

வாரம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறோம். ராத்திரியில் ஒரு முறை குழந்தைக்குத் துணி மாற்றித் தூங்கவைப்பது இப்போது என் பொறுப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் வந்திருப்பார். ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கப் போகலாமா என்று தங்கையே கேட்டிருக்கிறாள். அம்மாவும் வருகிறாளாம். முட்டிவலிக்காரிக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துவைத்துவிட்டேன். பிளாஸ்க்கையும் அதன்மேலேயே வைத்திருக்கிறேன்.