எடை அல்ல, வலு

கொடியிடை, துடியிடை, மின்னலிடை என்று இடை இல்லாமல் போவதையே அழகென்ற மரபைத்தான் நான் வகுப்பில் நடத்துகிறேன். தாம்பரத்து ஜிம் விளம்பரமும் அதையேதான் பாடுகிறது. கிலோக் கணக்கு மட்டும் புதிது.

குறைந்தது கொழுப்பா தசையா என்று எடைமுள் சொல்லாது. பட்டினி கிடந்தால் தசையும் கரையும். நாற்பதுக்குப் பின் அதை மீட்பது கடினம். முள் இறங்க இறங்க 20 லிட்டர் தண்ணீர் கேன் கனக்கிறதா, மாணவிகளே, மாதவிடாய் தள்ளிப்போகிறதா? அன்றே நிறுத்துங்கள். பருப்பும் முட்டையும் கூட்டிச் சாப்பிடுங்கள். வாரம் இருமுறையாவது கனம் தூக்குங்கள்.

பெண்களுக்குப் பளுதூக்குதல் முதன்முதலாகத் திறந்த ஒலிம்பிக், 2000 சிட்னி. அங்கே 69 கிலோப் பிரிவில் வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரி தலைக்கு மேல் தூக்கியது 130 கிலோ. ஆறரை கேன்!

தேய்ந்துகொண்டே போகும் பெண் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதனால்தான் அவளைப் புகழ்கிறார்கள்.